பழைய காருக்கு அலாரம்: சைரனைவிட ரிலேக்குக் காசு கொடுங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி இது. 2013இல் பதிவான ஜப்பானிய செடான் ஒன்று வைத்திருக்கிறார். பத்து ஆண்டு முடிந்ததும் சிஓஇயை, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டார். கார் இரவில் சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று முறை குடும்பத்தோடு மலேசியாவின் ஜோகூர் பாரு போய் வருகிறார். அங்கே உறவினர் ஒருவரின் கார்க் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துப் போனதிலிருந்து, அலாரம் போடச் சொல்லி வீட்டில் நச்சரிப்பு. ஒரு கடையில் விசாரித்தபோது இருவழி ரிமோட், ஆறு விதமாகக் கத்தும் சைரன், அதிர்வு சென்சர், ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்த ஒரு பேக்கேஜைக் காட்டியிருக்கிறார்கள். எடுக்கலாமா, எப்படிப் பொருத்துவது என்று கேட்கிறார்.

அந்த பேக்கேஜ் வேண்டாம் என்பது என் பதில். வாகன ஒயரிங் வேலையில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: திருடன் உள்ளே ஏறினாலும் காரை ஓட்டிப் போக முடியாதபடி முடக்கும் ரிலே (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) ஏற்பாட்டுக்கும், அதைப் பொருத்துகிறவரின் கைவேலைக்கும் முதலில் காசு கொடுங்கள். சைரன் அப்புறம். ஜிபிஎஸ் வேண்டுமா என்பது உங்கள் ஜோகூர் பயணத்தைப் பொறுத்தது.

முதலில் எதற்குப் பயப்படுகிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூருக்குள் ஒரு காரைத் திருடிக்கொண்டு எங்கே போவது? தரைவழியாக வெளியேற உட்லண்ட்ஸ், துவாஸ் என்று இரண்டே வாசல். இரண்டிலும் கேமரா, பாஸ்போர்ட், சோதனை. அதனால் இங்கே ஆபத்து பெரும்பாலும் காருக்கு இல்லை, காருக்குள் இருப்பதற்குத்தான். இருக்கையில் விட்ட மடிக்கணினிப் பை, கோப்பைத் தாங்கியில் கிடக்கும் சில்லறை, பூட்ட மறந்த கதவு. ஜோகூர்ப் பக்கம் நிலைமை வேறு. அங்கே உள்ளே இருப்பதும் போகலாம், காரே போகலாம்.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. கண்ணாடியை உடைத்துப் பையை எடுப்பதை எந்த அலாரமும் தடுக்காது. கண்ணாடி நொறுங்கிப் பை கைமாறச் சில வினாடி போதும். சைரன் வாய் திறக்கும்போது மோட்டார்சைக்கிள் முனை திரும்பியிருக்கும். அதற்கு ஒரே வழி, வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவனுக்கு எதுவும் தெரியாமல் இருப்பது. பைகளைக் காரின் பின்பெட்டியில் (பூட்) வைப்பதென்றால் புறப்படும் முன் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கேஎஸ்எல் கடைத்தொகுதி வாசலில் இறங்கி, நாலு பேர் பார்க்கப் பின்பெட்டியைத் திறந்து வைப்பதில் பயனில்லை. உங்கள் உறவினருக்கு நடந்தது இந்த வகை. அதைக் கேட்டுவிட்டு அலாரம் வாங்கப் போவது இயல்புதான், ஆனால் அலாரம் அதற்கான மருந்து இல்லை. காரே போவதைத் தடுக்கத்தான் கருவி உதவும்.

அதில் முதல் கேள்வி: உங்கள் காரில் கம்பெனியே வைத்த இம்மொபிலைசர் இருக்கிறதா? சாவியின் தலைப் பகுதிக்குள் பேட்டரி இல்லாத சிறு சில்லு ஒன்று இருக்கும். சாவித் துளையைச் சுற்றியுள்ள சுருள் அதற்கு அலைவழியே மின்சாரம் ஊட்டி எண்ணைக் கேட்கும். எண் சரியாக இருந்தால்தான் எஞ்சின் கணினி பெட்ரோலையும் பொறியையும் அனுமதிக்கும். இது ஐக்கிய ராஜ்ஜியத்தில் 1998இலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2001இலிருந்தும் கனடாவில் 2007இலிருந்தும் புதுக் கார்களுக்குக் கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயமாக்கவில்லை. அங்கே இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களை இளவட்டங்கள் சமூக ஊடகக் காணொளி பார்த்தே திருடக் கற்றுக்கொண்டதும், 2021க்குப் பிறகு அது ஒரு பெரிய தலைவலியானதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒரு சில்லு எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சோதிப்பது எளிது. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தபின் மீட்டர் பலகையில் சாவிப் படமோ காரும் பூட்டும் சேர்ந்த படமோ சிவப்பாகக் கண்சிமிட்டினால் பெரும்பாலும் இருக்கிறது. உறுதியாகத் தெரிய, சாவி வெட்டும் கடையில் சில்லு இல்லாத வெறும் இரும்புச் சாவி ஒன்று வெட்டிப் பாருங்கள். கதவு திறக்கும்; ஆனால் எஞ்சின் எடுக்காமல், அல்லது எடுத்த வேகத்தில் நின்றுபோனால் நல்லது. அந்தச் சாவியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், கதவு திறக்க உதவும். அதே சாவியில் எஞ்சின் ஓடினால், நான் கீழே சொல்லும் ரிலே வேலைதான் உங்கள் முதல் செலவு. பேரலல் இம்போர்ட் கார் (அதிகாரபூர்வ முகவர் அல்லாத கடை தருவித்தது) வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்து பார்க்க வேண்டும். ஒரே மாடலானாலும் எந்தச் சந்தைக்குச் செய்தது என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் ஏற்பாடு மாறும்.

சாவியைச் செருகாமல் பொத்தானை அழுத்தி ஓட்டும் கார் என்றால் கவலையும் மாறும். காரின் கதவருகே எழும் குறைந்த அதிர்வெண் அலையைக் கேட்டு, பையில் இருக்கும் சாவி பதில் சொல்கிறது. அந்தப் பேச்சை நடுவில் இருவர் நின்று நீட்டிக் கடத்தினால், சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011லேயே பத்து மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். உலோக இழை தைத்த சாவிப் பை இதற்குப் போதும். வாங்கிய பையை நம்பாமல், சாவியை அதற்குள் போட்டுக்கொண்டு கார்க் கதவைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் பையைத் தூக்கிப் போடுங்கள். கேள்வி கேட்டவருக்கு இது தேவைப்படாது. டொயோட்டா ஆல்ஃபார்ட், வெல்ஃபயர் வைத்திருப்பவர்களுக்காகச் சொன்னேன். அவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. முகப்பு விளக்கின் பின்னே போகும் தகவல் ஒயரைப் பிடித்து, சாவியே இல்லாமல் காருக்குக் கட்டளை அனுப்பும் முறை இப்போது பரவியிருக்கிறது. 2022இல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த ரேவ்4 காரே அப்படித்தான் போனது. ஜப்பானிலும் ஆல்ஃபார்ட், லேண்ட் குரூசர் உரிமையாளர்களுக்கு இது பழகிய பயம். இதற்குச் சாவிப் பையும் உதவாது, கம்பெனி அலாரமும் உதவாது. தனியாக நிற்கும் ஒரு இம்மொபிலைசரும் ஸ்டியரிங்கின் மேல் மாட்டும் பூட்டும்தான் உதவும்.

இனி அந்த ரிலே. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கட்டளை போகும் ஒயரை ஓரிடத்தில் வெட்டி, நடுவில் ஐந்து கால் ரிலே ஒன்றை வைப்பார்கள். 30, 85, 86, 87, 87ஏ என்று அதன் கால்களில் எண் இருக்கும். அலாரம் விழித்திருக்கும்போது ரிலே வேலை செய்து இணைப்பைத் துண்டிக்கும். அலாரம் அணைந்ததும் இணைப்பு தானாகச் சேரும். 30க்கும் 87ஏக்கும் நடுவே ஒயரைக் கொடுத்தால் இந்த ஏற்பாடு கிடைக்கும். இதில் ஒரு வசதி, அலாரம் பெட்டியே செத்துப்போனாலும் கார் எடுக்கும். இரவு பதினொரு மணிக்கு உட்லண்ட்ஸ் வரிசையில் குழந்தைகளோடு நிற்கும்போது அந்த வசதியின் அருமை தெரியும். இதைவிடக் கடுமையான ஏற்பாடும் உண்டு. 87ஐப் பயன்படுத்தினால் அலாரம் பெட்டி உயிரோடு இருந்து அனுமதித்தால்தான் கார் எடுக்கும். திருடன் பெட்டியைப் பிடுங்கினாலும் பயனில்லை. பாதுகாப்பு கூடும், பாதியில் நின்றுபோகும் ஆபத்தும் கூடும். பொருத்துகிறவர் கை நன்றாக இருந்தால் மட்டும் இதற்குச் சம்மதியுங்கள்.

எந்த ஏற்பாடானாலும், ஓடுகிற எஞ்சினை நிறுத்தும் வேலை கூடவே கூடாது. பெட்ரோல் பம்ப்பைத் துண்டிக்கும் வகை சில கடைகளில் விற்கிறது. தூரத்திலிருந்து எஞ்சினை நிறுத்தலாம் என்று ஆசை காட்டுவார்கள். பிகேஇ விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தளர்ந்த ஒயரால் அது தானாக நடந்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் உதவி ஓரிரு மிதிக்குமேல் இருக்காது, பின்னால் லாரி வரும். ஸ்டார்ட்டரைத் துண்டிப்பதில் இந்தப் பயம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர் தேவையே இல்லையே. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் இந்த வேலையைக் கேட்கவே வேண்டாம். அவற்றில் பழைய பாணி ஸ்டார்ட்டர் இல்லை. ஆரஞ்சு நிற உறை போட்ட உயர் மின்னழுத்தக் கேபிள் பக்கம் சாதாரணப் பட்டறை ஆள் கை போகவும் கூடாது.

சென்சர்களுக்கு வருவோம். அலாரம் போட்ட பலர் அதைக் கொஞ்ச நாளில் அணைத்துவிடக் காரணம் இவைதான். கம்பெனி அலாரம் பெரும்பாலும் கதவு, பானெட், பூட் திறந்தால் மட்டும் கத்தும். கண்ணாடி உடைந்து கதவு திறக்காமல் கை மட்டும் உள்ளே வந்தால் பேசாது. அதை நிரப்பத்தான் அதிர்வு சென்சர். பரவாயில்லாத தரத்தில் ஒன்று எடுத்தால் இரண்டு படியில் வேலை செய்யும். லேசான தட்டலுக்கு இரண்டு மூன்று சிணுங்கல், பலமான அடிக்கு முழுச் சத்தம். இந்த இரண்டு படிக்கும் தனித்தனியாக அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். ஒரே திருகு உள்ளதை வாங்காதீர்கள்.

பலமாடி கார் நிறுத்துமிடத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யோசியுங்கள். கான்கிரீட் தளம், தாழ்ந்த கூரை. பெரிய மோட்டார்சைக்கிள் ஒன்று சரிவில் ஏறினால் தளமே உறுமும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. மேல்தளத்தில் நிற்கும் காருக்கு அந்த இடி நேராக வந்து விழும். அளவு கொஞ்சம் அதிகமாக இருந்தால் மழைக்கால விடியற்காலையில் உங்கள் காரும், அதைக் கேட்டுப் பக்கத்துக் காரும் மாறி மாறிக் கத்தும். மூன்றாம் முறை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நாலாம் முறை கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதில் இருப்பதை இங்கே எழுத முடியாது. கடையில் அமைத்துக் கொடுத்த அளவோடு விட்டுவிடாமல், உங்கள் நிறுத்துமிடத்திலேயே ஒரு மழை நாள் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். முஷ்டியால் கதவுத் தூணைக் குத்தினால் கத்த வேண்டும், உள்ளங்கையால் தட்டினால் சிணுங்க வேண்டும், பக்கத்து இடத்தில் ஒருவர் தன் கதவைச் சாத்தினால் சும்மா இருக்க வேண்டும்.

காருக்குள் அசைவைப் பார்க்கும் மீயொலி சென்சர் என்றொரு வகை இருக்கிறது. கண்ணாடிகள் முழுதாக மூடியிருந்தால்தான் அது ஒழுங்காக இருக்கும். வெயிலுக்காகக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பவர்களுக்கு ஆகாது. நம்மவர்கள் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள் கண்ணாடியில் மல்லிகைச் சரமோ பிள்ளையார் தொங்கட்டானோ ஆடிக்கொண்டிருக்கும். சாய்வு சென்சர் சக்கரம் திருடுபவனையும் காரைத் தூக்கி இழுத்துப் போகிறவனையும் கண்டுபிடிக்கும். விலையுயர்ந்த அலாய் சக்கரம் இல்லையென்றால் தேவையில்லை. இயந்திரம் தூக்கி அடுக்கும் கார் நிறுத்துமிடம் உள்ள கொண்டோவில் இருந்தால் போடவே கூடாது. மின்னழுத்தம் குறைவதை வைத்துக் கதவு திறந்ததாக ஊகிக்கும் மலிவு வகையைத் தவிருங்கள். எஞ்சின் அணைந்தபின் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்றால் அதற்கும் கத்தும்.

சைரன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு விதமாகக் கத்துவது வேண்டாம். போலீஸ், ஆம்புலன்ஸ் வண்டியின் ஒலி போன்று ஏறி இறங்கும் சத்தம் அந்த வண்டிகளுக்கு உரியது, தனியார் காரில் அதை வைத்துச் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே சீரான ஒலி, ஒருமுறை எழுந்தால் அரை நிமிடத்துக்குள் தானே அடங்குவது, அது போதும். ஐக்கிய நாடுகளின் வாகன அலாரம் விதியிலும் ஒரு முறைக்கு 25 முதல் 30 வினாடிதான். உள்ளேயே சிறு பேட்டரி வைத்த சைரன் கிடைத்தால் எடுங்கள். காரின் பேட்டரி ஒயரை வெட்டினாலும் அது கத்தும். ஆனால் நம் ஊர் வெக்கையில் அந்தச் சிறு பேட்டரி சில ஆண்டில் உப்பிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இருவழி ரிமோட் என்பது, அலாரம் அடித்தால் உங்கள் கையில் இருக்கும் ரிமோட் அதிர்ந்து படம் காட்டும் வகை. விளம்பரத்தில் சொல்லும் தூரம் திறந்த வெளியில் அளந்தது. புளோக்கின் எட்டாம் மாடியில், நடுவே மூன்று கான்கிரீட் சுவர் இருக்கும்போது அது பாதி வந்தாலே அதிர்ஷ்டம். உங்கள் வீட்டு வரவேற்பறைக்கு எட்டுகிறதா என்று கடைக்காரரிடம் ஒரு மாதிரி ரிமோட்டை வாங்கிச் சோதிக்க முடிந்தால் மட்டும் காசு கொடுங்கள். அதோடு வரும் தூரத்திலிருந்து எஞ்சின் எடுக்கும் வசதிக்கு ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகத் தர வேண்டாம். காரில் ஏறும் முன் ஏர்கானைக் குளிர வைக்கலாம் என்பார்கள். நின்றிருக்கும் வண்டியில் எஞ்சினை வீணே ஓடவிடுவது இங்கே குற்றம். அதோடு அந்த வசதியைச் சேர்க்க, கம்பெனி இம்மொபிலைசரை ஏமாற்றச் சாவிச் சில்லு ஒன்றை டேஷ்போர்டுக்குள்ளேயே ஒளித்து வைப்பார்கள். காரின் சிறந்த பூட்டைக் காசு கொடுத்து நாமே கழற்றுவது அது.

ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள்: ரிமோட்டின் எண் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறுகிறதா? மாறாத எண் என்றால், காற்றில் பிடித்து வைத்துக்கொண்டு திரும்ப அனுப்பித் திறந்துவிடலாம். இப்போது வரும் நல்ல பொருள்களில் எண் மாறும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத பெட்டிகளில்தான் சந்தேகம். எண் மாறினாலும், பூட்டும் நேரத்தில் அலையைக் குழப்பிவிட்டால் கார் பூட்டாமலே நிற்கும். ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பவர்களுக்குத்தான் இது நடக்கிறது. கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஜிபிஎஸ்ஸில் ஏமாறுவது எளிது. சிங்கப்பூரில் 2ஜி 2017இலும் 3ஜி 2024இலும் போய்விட்டன. மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு போனது. ஆகவே கடையில் பழைய இருப்பாகக் கிடக்கும் கருவி இங்கே வாயே திறக்காது. 4ஜி கருவியா என்று கேளுங்கள், அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அடுத்து, அதில் போடும் சிம் மலேசியாவில் ரோமிங்கில் தரவு அனுப்புமா? இதைக் கேட்காமல் வாங்கி, எந்த ஊருக்காக வாங்கினாரோ அந்த ஊரில் படம் உறைந்து நிற்பதைப் பார்த்து வந்தவர்கள் உண்டு. ஏதோ ஒரு சாலை முனையில் கடைசியாகத் தெரிந்த புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாதாமாதம் போகிறவர் என்பதால் உங்களுக்கு ஜிபிஎஸ் பயன்படலாம். ஆனால் அதை அலாரம் பெட்டியோடு சேர்ந்த ஒன்றாக வாங்காமல் தனியாக வாங்கி, தனி இடத்தில் ஒளித்து வையுங்கள். அலாரம் பெட்டியைப் பிடுங்குபவன் அதையும் சேர்த்துப் பிடுங்கக் கூடாது. கார் போய்விட்டால் புள்ளியைத் துரத்திக்கொண்டு நீங்களே போகாதீர்கள், அங்குள்ள போலீசிடம் கொடுங்கள்.

பேட்டரியை யாரும் கேட்பதில்லை, நான் கேட்பேன். உங்கள் அளவு காரில் பொதுவாக 45 ஆம்பியர் மணி பேட்டரி இருக்கும். கார் தூங்கும்போது மொத்தமாக 50 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது 17 போயிருக்கும். பேட்டரி இரண்டு வயதானது என்றால் எடுக்கத் திணறும். நல்ல அலாரம் பத்திருபது மில்லிஆம்பியரோடு நிற்கும். பெரும் பசி டேஷ்கேமுக்குத்தான். நின்றிருக்கும்போதும் பதிவு செய்யும் வகை 300 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளுக்கு ஏழு ஆம்பியர் மணிக்கு மேல். அலாரம் போட்டபின் பேட்டரி தீர்ந்தால் எல்லாரும் அலாரத்தைத் திட்டுவார்கள். பொருத்தும் முன் ஒருமுறை, பொருத்தியபின் ஒருமுறை அளந்து சொல்லச் சொல்லுங்கள். காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டபின் அளக்க வேண்டும், உள்ளிருக்கும் கணினிகள் தூங்க அவ்வளவு நேரமாகும்.

இனி யாரிடம் கொடுப்பது. காக்கி புக்கிட் ஆட்டோபே, சின் மிங் ஆட்டோசிட்டி பக்கம் ஒரு நடை நடந்தால் பத்து கடை காட்டும். பெயர்ப்பலகையைப் பார்க்காமல், முன்பு அவர்கள் முடித்த ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் விளக்கடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒயர்களைச் சால்டர் வைத்தோ தரமான கிரிம்ப் போட்டோ இணைத்து, துணி டேப் சுற்றி, கம்பெனி ஒயர்க் கற்றையோடு சேர்த்துக் கட்டியிருந்தால் உட்கார்ந்து பேசலாம். நீல, சிவப்பு பிளாஸ்டிக் கவ்விகளை ஒயரின் மேல் அமுக்கி இணைத்திருந்தால் கிளம்பிவிடுங்கள். அந்தக் கவ்வி ஒயரின் உலோக இழைகளைப் பாதி வெட்டிவிடும். நம் ஈரப்பதத்தில் ஓரிரு ஆண்டில் பச்சை பூத்து, எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகும். கார் சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுக்கவில்லை என்று பட்டறை பட்டறையாக அலையும் பழைய கார்களில் இப்படிப்பட்ட அலாரம் ஒயரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வேலை தொடங்கும் முன் சில விஷயங்களைப் பேசி வையுங்கள். அலாரத்துக்கான மின் ஒயரில் பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். அர்த் ஒயர் பெயின்ட் சுரண்டிய வெறும் உடல் இரும்பில் தனியாகப் போக வேண்டும். மஞ்சள் நிற இணைப்பிகள் எல்லாம் ஏர்பேக், அவற்றைத் தொடக் கூடாது, சோதனை பல்பை அங்கே வைக்கவே கூடாது; மல்டிமீட்டர் இல்லாமல் பல்பு மட்டும் வைத்து வேலை செய்கிறவர் என்றால் உங்கள் கார் அவருக்கு வேண்டாம். புதிய ஈஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவி போட்டிருந்தால் அதன் பெட்டி முன்பயணி காலடியில் இருக்கும். பலர் அலாரம் பெட்டியை வைக்கும் இடமும் அதுவே. அந்தக் கருவியின் ஒயரிலிருந்து மின்சாரம் எடுக்க விடாதீர்கள், அதை நகர்த்தவும் விடாதீர்கள். சைரனை எஞ்சின் அறையில் வாய் கீழ்ப்பக்கம் பார்க்க, எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தள்ளி, காருக்கு அடியிலிருந்து கை எட்டாதபடி வைக்க வேண்டும். வாய் மேலே பார்த்தால் மழைத்தண்ணீர் நிரம்பி, இரண்டாம் மாதத்தில் கரகரப்பு தொடங்கும். பானெட்டுக்கு ஒரு சுவிட்ச் கேளுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பானெட் திறந்தால் பேட்டரியும் சைரனும் கைக்கெட்டும் தூரத்தில்.

அலாரம் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநர் முழங்காலுக்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் கட்டோடு தொங்கவிடுவது வழக்கம். பொருத்துவதற்கு எளிது, திருடனுக்கும் எளிது. மீட்டர் பலகைக்குப் பின்னாலோ நடுக் கன்சோலின் ஆழத்திலோ போனால் கூலி கூடும். அந்தக் கூலியைக் கொடுங்கள். ரிலேயைப் பெட்டியின் பக்கத்திலேயே வைக்காமல் வேறிடத்தில் வைத்து, அதற்குப் போகும் ஒயர்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கச் சொன்னால் இன்னும் நல்லது. பெட்டியோடு வரும் பல நிற ஒயரைப் பார்த்து எது எதுவென்று படிக்கத் தெரிந்தவர்கள் திருடர்களிலும் இருக்கிறார்கள்.

ஜோகூரில் கார் கழுவக் கொடுக்கும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன், இங்கிருந்து போகும் பாதிப் பேர் அதற்காகவும்தான் போகிறார்கள். அங்கே சாவியைக் கொடுக்கும்போது அலாரத்தைத் தற்காலிகமாக உறங்க வைக்கும் வேலே சுவிட்ச்சைப் போடுவீர்கள். போட்டதைத் திரும்ப எடுக்க மறப்பதுதான் நடக்கும். மூன்று வாரம் கழித்து, அலாரம் இத்தனை நாளும் தூங்கிக்கொண்டிருந்தது தெரியவரும். ரிமோட்டிலேயே நிலை தெரியும் வகையாகப் பாருங்கள். சாவிக் கொத்தை அப்படியே நீட்டாமல், காரை நகர்த்தத் தேவையான சாவியை மட்டும் கழற்றிக் கொடுங்கள்.

ஸ்டியரிங் பூட்டு. பார்க்க அசிங்கமாக இருக்கும், பழைய காலத்துப் பொருள் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் மேலே சொன்ன அத்தனை மின்னணுத் திருட்டிலும் கடைசியில் ஒருவன் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பியாக வேண்டும். நல்ல கனமான ஒன்றை வாங்கி, ஜோகூரில் மட்டுமாவது போடுங்கள். உங்கள் காருக்குச் சிஓஇ இன்னும் கொஞ்ச காலம்தான். ஐந்தாண்டுப் புதுப்பிப்பு முடிந்தால் கார் ஸ்கிராப்புக்கோ ஏற்றுமதிக்கோதான் போகும், மறுபடி நீட்டிக்க முடியாது. அலாரத்தைக் கழற்றி அடுத்த காரில் போடுவதும் நடைமுறையில் கிடையாது. ஆகவே உங்கள் நிலையில் நான் செய்வது: வெட்டிய சாவியால் சோதனை, நல்ல ஸ்டியரிங் பூட்டு, ரிலேயோடு கூடிய எளிய ஒருவழி அலாரம், விருப்பமிருந்தால் தனியே ஒரு 4ஜி கருவி. பேக்கேஜுக்குக் கேட்ட விலையில் இது அடங்கி, கைத்திறன் உள்ளவருக்குக் கூடுதல் கூலி கொடுக்கவும் மிஞ்சும் என்பது என் கணிப்பு.

காரை எடுக்கப் போகும்போது சாவியை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். கண்ணாடியை இறக்கி உள்ளே உட்கார்ந்து, அலாரத்தைப் போட்டு, கதவை உள்ளிருந்து திறந்து பாருங்கள். பானெட், பூட், நான்கு கதவு எல்லாவற்றையும் தனித்தனியாக. அலாரம் விழித்திருக்கும்போது சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மௌனமாக இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் பலகையில் ஏர்பேக் விளக்கு அணைகிறதா என்பதையும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கையால் ஒரு படம் வரைந்து தரச் சொல்லுங்கள், வேலே சுவிட்ச் இருக்கும் இடத்தோடு. அடுத்த முறை வேறு மெக்கானிக் கை வைக்கும்போது அந்தத் தாள் உங்களுக்குப் பணம் மிச்சம் பிடிக்கும். தாளைக் காருக்குள் வைக்காதீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். சொல்லிவிடுங்கள், எழுத்தில். காரில் செய்த மாற்றத்தை முன்பே தெரிவித்திருந்தால் பின்னால் வாக்குவாதம் வராது. அப்படியே இரண்டு விஷயம் கேளுங்கள். மேற்கு மலேசியாவில் திருட்டுக்கும் உங்கள் பாலிசி பொருந்துமா? முன் கண்ணாடிக்கு உள்ள தனிச் சலுகை பக்கக் கண்ணாடிக்கும் உண்டா? பக்கக் கண்ணாடி அதில் இல்லையென்றால், ஒரு கண்ணாடிக்காக இழப்பீடு கோருவதற்கு முன் கணக்குப் போடுங்கள்: 50 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) வைத்திருப்பவர் ஒருமுறை கோரினால் பொதுவாக அது 20க்கு இறங்கும். பாதுகாப்புத் திட்டம் வாங்கியிருந்தால் தவிர, பெரும்பாலும் கண்ணாடியை நீங்களே மாற்றிக்கொள்வது மலிவு.